கோபி ஓடாத இரண்டு நாள்கள்

2016 ஜூன் மாதம். சீனாவின் வடமேற்கில் சிஞ்சியாங் பகுதியில் நடந்த 250 கிலோமீட்டர் பந்தயத்தில், யாரும் அழைக்காத ஒரு சின்ன நாய் வந்து சேர்ந்துகொண்டது. மணல் நிறம், குட்டைக் கால்கள், டெரியர் சாயல். யார் வளர்த்தது, என்ன வயது, தடுப்பூசி போட்டிருக்கிறதா, எதுவும் யாருக்கும் தெரியாது. பந்தயம் முடியும்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்திருந்தது, ஓர் ஆளும் கிடைத்திருந்தார். பெயர் கோபி. நம் பக்கம் கோபி என்றால் ஆளின் பெயர், இல்லாவிட்டால் ஈரோடு மாவட்டத்து ஊர். அங்கே அது பாலைவனத்தின் பெயர். அந்த ஆள் டியோன் லியோனார்ட். ஆஸ்திரேலியர், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாழ்ந்துவந்த நெடுந்தூர ஓட்டக்காரர்.

கதை உலகமெங்கும் பரவியது. சொன்னவர்கள் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொன்னார்கள்: இத்துனூண்டு நாய் 124 கிலோமீட்டர் ஓடியது. உண்மைதான். ஆனால் நாயோடு பந்தயம் ஓட நினைக்கும் ஒருவருக்கு அந்த 124-ஐவிட மீதியுள்ள 126 கிலோமீட்டர்தான் உதவும். அந்தத் தூரத்தைக் கோபி காரில் கடந்தது. அது எப்படி நடந்தது, அதற்கு முன் ஓர் ஆற்றங்கரையில் என்ன நடந்தது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

பந்தயம் எப்படிப்பட்டது

இந்தப் பந்தயத்தின் பெயர் கோபி மார்ச். ஏழு நாள், ஆறு கட்டங்கள். தியான் ஷான் மலையடிவாரத்தில் தொடங்கி மேடும் பள்ளமும் புல்வெளியும் கடந்து, கடைசிக் கட்டங்களில் கருங்கல் பரந்த பாலைக்குப் போகிறது. தண்ணீரும் இரவில் படுக்கக் கூடாரமும் மட்டும் நடத்துபவர்கள் தருவார்கள். சாப்பாடு, தூங்கும் பை, மாற்றுத் துணி எல்லாம் ஓடுபவரின் முதுகில்தான். அதனால் இவர்கள் உணவைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கட்டுகிறவர்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக ஒடித்து எடையைக் குறைக்கிற கூட்டம் இது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மாதிரி ஒருவர் தன் பங்கிலிருந்து ஒரு துண்டு உலர்ந்த இறைச்சியை நாய்க்குக் கொடுப்பது, நாம் வாசலில் பிஸ்கட் போடுவது போன்ற விஷயம் இல்லை. அவ்வளவு ஆற்றல் மறுநாள் அவர் காலில் இருக்காது. அதிலும் லியோனார்ட் சும்மா முடித்தால் போதும் என்று வந்தவர் அல்லர். முதல் சில இடங்களுக்குள் வர வந்தவர்.

முதல் நாள் மாலை முகாமில் நாய் சுற்றி வந்து ஒவ்வொருவரிடமும் தின்னக் கேட்டிருக்கிறது. அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் காலை தொடக்கக் கோட்டில் அவர் காலருகே வந்து நின்றது. மணல் புகாமல் இருக்க ஷூவுக்கு மேல் கட்டியிருந்த பளீர் மஞ்சள் துணியைக் கடித்து இழுத்து விளையாடியது. கொஞ்ச தூரம் வந்துவிட்டுத் திரும்பிவிடும் என்று நினைத்திருக்கிறார். அன்றைய 37 கிலோமீட்டரையும் அது அவரோடு ஓடி முடித்தது. இரவு அவர் பக்கத்திலேயே படுத்தது.

ஒரு குட்டை நாயால் இது எப்படி முடிந்தது என்று கேட்கலாம். பல நாள் பந்தயத்தில் மனிதர்கள் தலைதெறிக்க ஓடுவதில்லை. ஏற்றத்தில் நடை, சமதளத்தில் மெல்லோட்டம். அந்த வேகம் ஒரு சின்ன நாயின் துள்ளுநடைக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. துள்ளுநடை நாய்க்கு மிகச் சிக்கனமான நடை, மணிக்கணக்கில் போகலாம். வேகம் கூடிப் பாய்ச்சலாகிவிட்டால்தான் சிக்கனம் போய்விடும். மலைப்பகுதி என்பதால் முதல் நாள்களில் வெயிலும் தாங்கக்கூடியதாக இருந்தது. தெருவில் அலைந்து வளர்ந்த நாயாக இருந்தால் உடற்பயிற்சியும் நிறையவே இருந்திருக்கும். ஆகவே இரண்டாம் நாளின் 37 கிலோமீட்டரை நான் அதிசயமாக எண்ணவில்லை. அது தானாக வந்தது, தானாக ஓடியது, எந்த இடத்திலும் நின்றுகொள்ள அதற்கு வழியிருந்தது.

ஆறு

மூன்றாம் நாள் வழியில் ஓர் ஆறு குறுக்கிட்டது. அகலமானது, இழுப்பும் இருந்தது. லியோனார்ட் இறங்கிப் போகத் தொடங்கிவிட்டார். நாய் கரையிலேயே நின்று குரைத்தது, முனகியது. அவர் திரும்பிப் பார்த்தார். பந்தயத்தில் நல்ல நிலையில் இருந்தார்; ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இருந்தும் திரும்பி வந்து நாயைத் தூக்கிக்கொண்டு அக்கரை போனார்.

எல்லோருக்கும் கண் கலங்கும் இடம் இதுதான். எனக்கும்தான். ஆனால் இதை ஒரு நிகழ்வு ஆய்வாக எடுத்துக்கொண்டால், இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஆற்றின் இக்கரையில் நின்றவரை அது மனிதனைப் பின்தொடர்ந்த நாய். தனக்குத் தெரிந்த மண், தெரிந்த வாசனை, வேண்டாம் என்றால் திரும்பிப் போக வழி, எல்லாம் இருந்தது. கரையில் நின்று குரைத்ததும் ஒரு பேச்சுதான்: எனக்கு இதற்கு மேல் முடியாது. அவர் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் இறக்கிவிட்டவுடன் கணக்கு மாறிவிட்டது. இனி அது தனியாக ஆற்றைக் கடந்து ஊர் திரும்ப முடியாது. ‘அதுவாக வந்தது’ என்று அவர் இனிச் சொல்லவும் முடியாது.

தூக்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் பின்னால் வந்த எல்லாம், கார், சிஞ்சியாங்கின் தலைநகர் உரும்ச்சி, பெய்ஜிங், இந்த ஒரு தூக்கலிலிருந்து வந்தவை. பலர் சோறு போட்ட நாளிலிருந்து பொறுப்பைக் கணக்கிடுவார்கள். நான் ஆற்றிலிருந்து கணக்கிடுவேன்.

நான்காம் நாளும் ஐந்தாம் நாளும்

அடுத்த இரண்டு கட்டங்களும் பாலைவனத்தில். வெப்பம் 52 டிகிரி செல்சியஸ் வரை போனதாகச் சொல்லப்படுகிறது. ஐந்தாவது கட்டம் பந்தயத்திலேயே மிக நீளமானது, ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அந்தக் கட்டத்தில் வெயில் தாக்கிச் சுருண்ட சக போட்டியாளர் ஒருவருக்கு உதவ லியோனார்டே நிற்க வேண்டியிருந்தது. பயிற்சி எடுத்த, தண்ணீர் சுமந்த, தன் நிலையை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த மனிதனுக்கே அந்தக் கதி.

கோபி அந்த இரண்டு கட்டங்களும் ஓடவில்லை. நடத்துபவர்களின் காரில் ஏற்றி அனுப்பினார்கள். முடிவுக் கோட்டில் அவருக்காகக் காத்திருந்தது.

இந்த முடிவு எவ்வளவு சரியானது என்று புரிய நாயின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மனிதனுக்குத் தோல் முழுக்க வியர்வை. அது காய்ந்து உடம்பைக் குளிரச் செய்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்கால் மெத்தைகளில் மட்டும். மற்றபடி அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்க வேண்டும். வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிப் போவதுதான் அதன் குளிர்சாதனம். ஓய்வில் நாயின் உடல் வெப்பம் 38-லிருந்து 39 டிகிரிக்குச் சற்று மேல் வரை. 41 தாண்டினால் ஆபத்துப் பகுதி. இரண்டுக்கும் நடுவில் இரண்டு டிகிரிதான்.

வெளிக்காற்று உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், சின்ன நாய்க்கு ஒரு வசதி உண்டு. எடைக்கு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு அதிகம், அதனால் சூடு சீக்கிரம் வெளியேறும். மலையில் இது கோபிக்கு உதவியிருக்கும். காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால் அதே வசதி தலைகீழாகிவிடும். வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறும். 52 டிகிரியில் மிச்சமிருப்பது இரைப்பு மட்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். அப்புறம் தரை. வெயிலில் காய்ந்த கருங்கல் காற்றைவிட இன்னும் சூடாக இருக்கும். மனிதனின் நெஞ்சு தரையிலிருந்து நான்கடிக்கு மேலே இருக்கிறது. குட்டை நாயின் வயிறு ஒரு சாணில் இருக்கிறது. நமக்கு ரப்பர் அடிப்பாகம் போட்ட ஷூ, அதற்கு வெறும் பாதம்.

இதெல்லாம் நாய்க்குத் தெரியாதா, முடியாவிட்டால் நின்றுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது என்பதுதான் சிக்கல். பழகிய ஆள் முன்னால் போனால் நாய் போய்க்கொண்டே இருக்கும். பிரிட்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் அங்கே 2016-இல் சிகிச்சைப் பதிவில் இருந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் ஏடுகளை அலசினார்கள். வெப்பத்தால் நோயுற்ற நாய்களில் நான்கில் மூன்று பங்குக்கு, காரணம் ஓட்டமும் விளையாட்டும் நடையும் போன்ற உடல் உழைப்பு. பூட்டிய காரில் மாட்டிக்கொண்டவை நூற்றுக்கு ஐந்து போலத்தான். நாமெல்லாம் காரைத்தான் பயப்படுகிறோம். கூட ஓட்டிக்கொண்டு போவதைப் பயப்படுவதில்லை. ஆளோடு நாய் ஓடும் பந்தயங்களில் நாய்களின் வெப்பத்தை அளந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு 2018-இல் வந்தது. ஆண் நாய்களும் கருநிற நாய்களும் அதிகம் சூடேறியிருந்தன. உடம்பு வெகுவாகச் சூடேறிய நாய்களும்கூட வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரிந்தன. நாயைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையை அது குலைக்கிறது.

ஆக, கோபியிடம் கேட்டிருந்தால் அது ஓடத்தான் செய்திருக்கும். கேட்காமல் வண்டியில் ஏற்றியதுதான் இந்த நிகழ்வில் நடந்த மிக நல்ல காரியம்.

சறுக்கல்கள்

நல்லதை மட்டும் சொன்னால் ஆய்வு ஆகாது. தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயோடு ஒரே கூடாரத்தில் பலர் படுத்தார்கள். ரேபிஸால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் சாவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது, பெரும்பாலானவை நாய்க்கடியால். விளையாட்டுக் கடி, மஞ்சள் துணியைத் தாண்டிக் கணுக்காலில் பட்டிருந்தால், மருத்துவமனை பல மணி நேரப் பயணத்தில் இருக்கிற இடத்தில் என்ன செய்திருப்பார்கள்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் இந்தக் கேள்வி எந்தச் செய்தியிலும் பெரிதாக வரவில்லை.

கயிறும் கிடையாது. மலைப்பாதையில் நாய் இன்னொருவரின் கால் நடுவே புகுந்திருந்தால், அவர் அந்தப் பந்தயத்துக்காகச் செலவழித்த ஓர் ஆண்டு போயிருக்கும். இது மனிதர்கள் மட்டும் ஓடப் பதிவு செய்த பந்தயம், நாய்ப் பந்தயம் அல்ல.

பெரிய சறுக்கல் பந்தயம் முடிந்த பிறகு. லியோனார்ட் இரண்டாம் இடத்தில் முடித்தார். நாயை எடின்பரோவுக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். ஆனால் உடனே கூட்டிப்போக முடியாது. உரும்ச்சியில் ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். செலவுக்கு இணையத்தில் மக்களிடம் நிதி கேட்டார். 5,000 பவுண்ட் போதும் என்று கேட்டதற்கு 20,000 பவுண்டுக்கு மேல் வந்தது. பணம் வந்துவிட்டது, நாயைக் காணோம். ஆகஸ்டில், லட்சக்கணக்கானோர் வாழும் அந்த நகரத்தில், கோபி வெளியே ஓடிப்போய்விட்டது.

இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆளைத் தேடி ஓடுவதையே அந்த ஒரு வாரம் அதற்குப் பழக்கியிருந்தது. திறந்த கதவு ஒன்று போதும். அவர் விமானம் ஏறி வந்து, உள்ளூர்த் தன்னார்வலர்களோடு தெருத் தெருவாகச் சுவரொட்டி ஒட்டித் தேடினார். நம்பிக்கை ஏறக்குறைய போன நிலையில், ஒரு தகப்பனும் மகனும் அதைக் கண்டு தகவல் சொன்னார்கள். தலையில் வெட்டுக்காயம், இடுப்பில் அடி. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. 124 கிலோமீட்டர் மலையிலும் புல்வெளியிலும் ஆகாத காயம் நகரத்தில் ஆனது.

நான்கு மாதக் கணக்கு

கதையைச் சொல்பவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகிற பகுதி இது. எனக்கு இதுதான் பிடித்த பகுதி, கொஞ்சம் காகித வேலையில் ஆசை உள்ளவன் என்பதால்.

அன்றைய விதிப்படி, சீனா போன்ற ‘பட்டியலில் இல்லாத’ நாட்டிலிருந்து பிரிட்டனுக்கு நாயைக் கொண்டுபோக மூன்று படிகள். முதலில் அடையாளச் சில்லு பொருத்தி ரேபிஸ் தடுப்பூசி. பிறகு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஊசி வேலை செய்திருக்கிறதா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதனை. அதில் தேறினால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருப்பு. மாதம் ஒன்றும் மூன்றும் நான்கு. இந்த மூன்று மாதம் எதற்கு? ஊசி போடுவதற்கு முன்பே கிருமி உள்ளே போயிருந்தால், அது தலைகாட்ட அவ்வளவு காலம் ஆகலாம். கோபியின் பழங்கதை யாருக்கும் தெரியாது. ஆகவே காலம்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

லியோனார்ட் என்ன செய்தார் என்றால், மறுபடியும் யார் பொறுப்பிலும் விடவில்லை. நாயைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுவந்து, தானும் அங்கேயே ஒரு குடியிருப்பில் தங்கினார். மனைவி எடின்பரோவில், வேலை தொலைவில், இவர் அந்நிய நகரத்தில் ஒரு நாயோடு. 2017 ஜனவரி தொடக்கத்தில்தான் இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஆற்றில் நாயைத் தூக்கிய சில நிமிடங்களுக்குப் பின்னால் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்தக் கணக்கை முழுக்கக் கொடுத்துத் தீர்த்தார் என்பதால்தான் அவர்மேல் எனக்கு மரியாதை.

பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நாய்கள்

2014-இல் ஈக்வடாரில் சாகசப் பந்தய உலகச் சாம்பியன்ஷிப். ஓட்டம், சைக்கிள், காடு, படகு எல்லாம் சேர்ந்தது. ஸ்வீடன் அணித் தலைவர் மிக்கேல் லிண்ட்நோர்ட், வழியில் ஒரு தெருநாய்க்கு ஓர் இறைச்சி உருண்டை கொடுத்தார். அது விடாமல் பின்னால் வந்தது. ஆர்தர் என்று பேர் வைத்தார்கள். கடைசியில் நீண்ட படகுக் கட்டம். நாயை விட்டுவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு என்று நடத்துபவர்கள் சொன்னார்கள், அணியும் கிளம்பிவிட்டது. நாய் தண்ணீரில் குதித்து நீந்தியது. லிண்ட்நோர்ட் அதைப் பிடித்துப் படகில் ஏற்றினார். இங்கேயும் தண்ணீர், இங்கேயும் ஒரு தூக்கல். பின்னால் பார்த்தபோது ஆர்தரின் முதுகில் நெடுநாள் புண் சீழ் பிடித்திருந்தது. அவ்வளவு புண்ணோடு அது ஓடியிருக்கிறது. கூட ஓடியவர்கள் பந்தய வேகத்தில் அதன் முழு நிலையை அறியவில்லை. வலியை மறைப்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆர்தரும் ஸ்வீடனுக்குப் போனது, அதுவும் மாதக்கணக்கில் தனிமைக் காப்பில் இருந்த பிறகு.

இன்னொன்று 2016 ஜனவரியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எல்க்மாண்ட் என்ற சிற்றூரில். லூடிவீன் என்ற பிளட்ஹவுண்ட் இன மோப்ப நாயை, காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். அது நேரே போய் ஊரில் நடந்த அரை மாரத்தானில், அதாவது 21 கிலோமீட்டர் ஓட்டத்தில், சேர்ந்துகொண்டது. 1 மணி 32 நிமிடம் 56 வினாடி, ஏழாவது இடம். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு நாலரை நிமிடத்துக்கும் குறைவு. நடுவே செத்த முயலை மோந்து பார்த்தது, வயல் பக்கம் போய்க் கோவேறு கழுதைகளையும் மாடுகளையும் பார்த்துவிட்டு வந்தது. அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு! அடுத்த ஆண்டுகளில் பந்தயத்தின் பெயரையே ஹவுண்ட் டாக் ஹாஃப் என்று மாற்றிவிட்டார்கள்.

மூன்றில் இதுதான் எனக்கு மனசுக்கு இலேசாக இருக்கிற கதை. ஜனவரிக் குளிர். யாரும் அதைத் தூக்கவில்லை, யாரும் இழுக்கவில்லை. நிற்கத் தோன்றிய இடத்தில் நின்றது. முயல் நாற்றம் பந்தயத்தைவிட முக்கியம் என்று அதற்குத் தோன்றியபோது முயலிடம் போனது. முடிந்ததும் வீடு திரும்பியது. அதன் ஓட்டத்துக்கு அதுவே பொறுப்பு.

கயிறு கட்டியபின்

நாமே பந்தயத்தில் பெயரைப் பதிந்து நாயோடு ஓடப் போகிறோம் என்றால் லூடிவீனின் சுதந்திரம் நம் நாய்க்கு இல்லை. கயிறு கட்டிய நொடியே அது ஆற்றைக் கடந்துவிட்டது. இதற்காகவே தனி விளையாட்டு இருக்கிறது. கேனிகிராஸ் என்பார்கள். பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களைப் பனி இல்லாத காலத்தில் பயிற்றுவிப்பதிலிருந்து ஐரோப்பாவில் வளர்ந்தது. ஓடுபவர் இடுப்பில் அகலப் பட்டை, நாய்க்கு உடல்பட்டை, நடுவில் இரண்டு மீட்டர் போல நீளும் ரப்பர் கயிறு. கழுத்துப் பட்டையில் கட்டுவது கிடையாது. இழுக்கும்போது மூச்சுக்குழல் நெரியும், மூச்சுதான் அதன் குளிர்சாதனம் என்று மேலே பார்த்தோம்.

அந்த விளையாட்டின் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நாய்தான் முன்னால் ஓட வேண்டும். ஆள் முன்னால் போய் நாயை இழுக்கக் கூடாது. அலுத்துப்போன நாய் பின்தங்கினால் ஆளும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். பேசத் தெரியாத கூட்டாளிக்கு விதி ஒரு வாயைக் கொடுத்திருக்கிறது. அதே மாதிரி வயது: எலும்பு முதிரும் முன் ஓட விடமாட்டார்கள், அமைப்பைப் பொறுத்து ஒரு வயது அல்லது ஒன்றரை வயது. வெயில் ஏறினால் தூரத்தைக் குறைப்பார்கள், அல்லது பந்தயத்தையே நிறுத்துவார்கள். பொது ஓட்டங்களில் இந்த இடுப்புக் கயிறு எல்லா இடத்திலும் செல்லாது; பிரிட்டனின் பார்க்ரன் வாராந்தர ஓட்டங்களில் கையில் பிடித்த குட்டைக் கயிறுக்கு மட்டுமே அனுமதி என்று சில ஆண்டுகளுக்கு முன் மாற்றிவிட்டார்கள், மற்றவர்கள் தடுக்கி விழாமல் இருக்க.

சென்னையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு ஒன்று. நம் சிக்கல் 52 டிகிரி இல்லை, ஈரம். கடற்கரையில் விடியற்காலை 28 டிகிரிதானே என்று தோன்றும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கிலிருந்து ஆவியாக இடமில்லை. நாய் இரைத்துக்கொண்டே சூடேறும். பக் மாதிரி மூக்குச் சப்பையான நாயை ஓட்டத்துக்கே கூட்டிப்போக வேண்டாம். சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் ‘என் நாய் குதிரை மாதிரி ஓடும்’ என்பார்கள். ஓடும்தான், ஆனால் அது பார்வையால் வேட்டையாடும் இனம். குறுகிய தூரத்துக்குப் புயல். பத்து கிலோமீட்டர் தார்ச்சாலை அதன் வேலை இல்லை. கிளம்பும் முன் புறங்கையைச் சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். சுட்டால் வீட்டுக்குத் திரும்புங்கள், பதிவுக் கட்டணம் போனால் போகட்டும்.

கடைசி நாள்

கோபியின் பந்தயத்தில் ஆறாவது கட்டம் மிகச் சிறியது, ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். இரண்டு கட்டம் காரில் போன நாய் அன்று இறங்கி மறுபடி ஓடியது. முடிவுக் கோட்டை இருவரும் சேர்ந்தே தாண்டினார்கள்.

இப்படிப்பட்ட பந்தயங்களில் நடுவே வண்டி ஏறிய ஓட்டக்காரரை முடித்தவர்கள் பட்டியலில் வைக்கமாட்டார்கள். கோபியின் கழுத்தில் பதக்கம் போட்டார்கள்.